ஒரு துணிகூடக் குப்பைமேட்டுக்குப் போவதில்லை

மார்ச் 4

அன்புள்ள வாலு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அந்த ஊர்க் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாயா?

போனில் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். "நல்லாயிருக்கோம், நல்லாயிருக்கோம்" என்பதைத் தவிர என் வாயிலிருந்து வேறு எதுவும் வருவதில்லை. பதிலை வீட்டுக்குப் போடாதே. நாங்கள் வேலை செய்யும் ஷெட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடை முகவரிக்குப் போடு. உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

நேற்று எங்கள் ஷெட் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். பச்சை இலை, பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண், மேலே உன் கம்பெனியின் பெயர். கீழே கொட்டை எழுத்தில், "இது எங்கள் உறுதிமொழி: நீங்கள் தரும் பழைய ஆடைகளில் ஒரு துணிகூடக் குப்பைமேட்டுக்குப் போவதில்லை." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. துணி பிரிக்கிற இடம் என்று சொல்லியிருப்பேன். இப்போது கேள். உங்கள் கடைகளில் பச்சைப் பெட்டி வைத்து ஜனங்களிடம் பழைய துணி வாங்குகிறீர்களே, அதெல்லாம் பச்சை டேக் கட்டிய மூட்டைகளாக இங்கேதான் வருகிறது. கடை லேபிளோடு, மறுபடி விற்கிற மாதிரி இருப்பதை ஒரு லாரி அள்ளிக்கொண்டு போகிறது. அது கொஞ்சம்தான். மீதியில் ஜிப், பட்டன் வைத்ததெல்லாம் எங்கள் மேசைக்கு. பன்னிரண்டு பெண்கள் நின்றுகொண்டு பிளேடால் அவற்றை அறுத்து எடுக்கிறோம். எதற்கென்றால், அடுத்தபடியாக அந்தத் துணி பாய்லருக்குள் போகிறது. பக்கத்துச் சாயப்பட்டறைக்கு ஆவி வேண்டும். விறகுக்குப் பதிலாக உங்கள் துணி. ஜிப்போடு போட்டால் அடுப்புக் கம்பியில் சிக்கிக்கொள்ளும். ஜிப்பும் பட்டனும் இல்லாத துணி என்றால் எங்கள் பக்கமே வராது, நேரே அடுப்புதான்.

குப்பைமேட்டுக்குப் போவதில்லையாம். எப்படிப் போகும்? போவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

அந்த வாக்கியத்தை உன் ஆபீஸில் எந்தப் புண்ணியவான் எழுதியது? தெரிந்தால் நான் விசாரித்ததாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


மார்ச் 21

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

நான் சௌக்கியம். சளியெல்லாம் இல்லை. நீங்கள் தைத்துக் கொடுத்த மெரூன் ஜாக்கெட் இருக்கும்போது குளிர் என்னை என்ன செய்துவிடும்? ஆபீஸில் எல்லோரும் எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிறார்கள். அண்ணிக் கடை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணன் எப்படி இருக்கிறார்? இன்னும் லோடு ஏற்றும் வேலைதானே? முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் கோபமாக எழுதியிருப்பது புரிகிறது. ஆனால் ஏதோ தவறு நடந்திருக்கிறது அண்ணி. இங்கே உறுதிமொழிப் பிரிவு என்றே தனியாக ஒன்று இருக்கிறது. நான் அதில்தான் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மூட்டைக்கும் காகிதம் இருக்கிறது. காகிதத்தில் உங்கள் ஷெட்டுக்கு "மறுபிறவி மையம்" என்று பெயர். அங்கே பிரித்த துணி நூல் மில்லுக்குப் போய்ப் பஞ்சாகி, நூலாகி, மறுபடி துணியாகிறது. எரிப்பதாக எங்கும் இல்லை. வேறு ஏதாவது கம்பெனி மூட்டை உங்கள் ஷெட்டில் கலந்திருக்கலாம். விசாரிக்கிறேன்.

நாங்கள் நிஜமாகவே நல்லது செய்ய நினைக்கிறோம். அதை மட்டும் நம்புங்கள்.

என்றும் உங்கள்
வாலு


ஏப்ரல் 2

வாலு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சௌக்கியம் என்பதில் சந்தோஷம்.

போன கடிதத்தில் உன் அண்ணன் நலம் என்று எழுதினேன். அது பொய். போனில் கேட்டு நீ நம்பிய எல்லாமும் பொய்.

அவர் லோடு வேலையில் இல்லை. போன வருஷம் ஆள் குறைத்தபோது சூப்பர்வைசர், "மூட்டை தூக்க வயசுப் பசங்க போதும். நீ பாய்லருக்குப் போ, இல்லைன்னா வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அடுப்பு வாயில் நின்று நீளக் கம்பியால் துணியை உள்ளே தள்ளுவது உன் அண்ணன்தான். அந்தத் துணி பஞ்சா? பாதி பிளாஸ்டிக். உருகிச் சொட்டும்போது வருகிற புகை கறுப்பாகக்கூட இல்லை, ஒரு மாதிரி மஞ்சள். மூக்கை மூட ஒரு மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் துணிதான்.

ராத்திரி பகல் இல்லாமல் இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்துகொண்டு தூங்குகிறார். டாக்டர் அம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் புகையை விட்டு வெளியே வாங்க. வரலைன்னா எங்கிட்ட வந்து பிரயோஜனமே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே? "வாலுக்கு மட்டும் சொல்லிடாதே. அவ அங்க தலை நிமிர்ந்து வேலை பார்க்கிறா" என்கிறார். அந்தப் போஸ்டரில் தூசி படிந்திருந்ததைப் பார்த்துத் தன் துண்டால் துடைத்தார் தெரியுமா? "நம்ம வாலு கம்பெனி" என்று பக்கத்தில் நின்றவனிடம் பெருமை வேறு. துடைத்து முடிப்பதற்குள் நாலு தடவை இருமினார்.

மறுபிறவி மையமா? சுடுகாட்டுக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறீர்கள். வேறு கம்பெனி மூட்டை என்று என் காதில் பூச்சுற்றாதே. டேக்கில் உன் கம்பெனியின் இலை இருக்கிறது. நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள்.

அந்த வாக்கியத்தை எடுக்கச் சொல். அது சுவரில் இருக்கிறவரை எங்கள் ஷெட்டில் எவனும் எதையும் மாற்ற மாட்டான். கேள்வி கேட்டால் சூப்பர்வைசர் அந்தப் போஸ்டரைத்தான் காட்டுகிறான். "கம்பெனியே சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கு, உனக்கென்னம்மா?" என்கிறான்.

எழுதியது யார் என்று கேட்டிருந்தேன். நீ பதில் சொல்லவில்லை.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து கிழித்துக் கிழித்துப் போட்டேன். அண்ணன் என்னிடம் மறைத்துவிட்டாரே என்று ஒரு நாள் முழுக்க அழுதேன். வேலையை உடனே விடச் சொல்லுங்கள். எப்படியாவது சமாளிப்போம்.

எங்கள் மேடத்திடம் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். "குப்பைமேட்டுக்குப் போகலைன்னுதானே சொல்லியிருக்கோம்? போகுதா? போகலை இல்ல? அப்புறம் என்ன?" என்றார். பிறகு ஆய்வு அறிக்கையை எடுத்துக் காட்டினார். போன நவம்பரில் ஆய்வாளர்கள் நேரில் வந்து உங்கள் ஷெட்டைப் பார்த்துத் திருப்தி என்று எழுதியிருக்கிறார்கள். தொழிலாளர்களிடமும் பேசியிருக்கிறார்கள். எல்லோரும் துணி நூல் மில்லுக்குப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்போதாவது விறகு வராத நாளில் கொஞ்சம் எரித்திருக்கலாம். மொத்தமும் எரிக்கிறார்கள் என்றால் இத்தனை பேர் கண்ணில் படாமலா இருக்கும்?

வாலு


மே 19

வாலு,

நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம்.

நவம்பர் ஆய்வைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு நாள் முன்னாலிருந்து சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிற்கவைத்து ஒப்பிக்கவைத்தான். "துணி எங்கம்மா போகுது?" "நூல் மில்லுக்குப் போகுது சார்." "சத்தமா!" "நூல் மில்லுக்குப் போகுது சார்!" பள்ளிக்கூடம் தோற்றது போ. அன்றைக்கு மட்டும் பாய்லரில் விறகு. மூட்டைகளெல்லாம் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில். இருமுகிறவர்கள் யாரும் வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு. உன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் என்னிடமும் கேட்டார். நானும் நூல் மில் என்றுதான் சொன்னேன். சொல்லாவிட்டால் மறுநாள் எனக்கு மேசை இருக்காது. அந்த வாயைக் கழுவிக்கொள்ளணும் போல இருந்தது.

வேலையை விட்டால் சமாளிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நான்கூட மன்றாடிப் பார்த்துவிட்டேன். "நான் போனா அந்தக் கம்பியை வேற ஒருத்தன் பிடிப்பான். அவன் நெஞ்சு என்ன தகரமா?" என்கிறார்.

நீ எங்களை நம்பவில்லை. அதை நேராகச் சொல்லாமல் பூசி மெழுகுகிறாய். சரி, நம்ப வேண்டாம். உன் துணி ஒன்றை எடு. எங்கே பார்த்தாலும் உனக்கும் எனக்கும் அடையாளம் தெரிகிற துணியாக இருக்கட்டும். அதை நீயே உன் கையால் அந்தப் பச்சைப் பெட்டியில் போடு. அது நூலாகிறதா சாம்பலாகிறதா என்று பார்த்துவிடலாம். தைரியம் இருக்கிறதா?

எழுதியது யார் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனின் இருமலுக்கு வேறு மருத்துவரைப் பார்த்தீர்களா? எழுதுங்கள்.

உங்கள் சவாலை ஏற்றுக்கொண்டேன். நேற்று எங்கள் பெரிய கடையில் உறுதிமொழி நாள் கொண்டாடினார்கள். ஊழியர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு துணியைப் பச்சைப் பெட்டியில் போட வேண்டும். கேமராவெல்லாம் வந்திருந்தது. நான் உங்கள் மெரூன் ஜாக்கெட்டைப் போட்டேன்.

திட்டாதீர்கள். என்னிடம் இருப்பதிலேயே அதைவிட அடையாளமான துணி எது? சின்ன வயதில் தாடையில் ஜிப் மாட்டிக்கொண்டு ரத்தம் வந்ததிலிருந்து எனக்கு ஜிப் என்றாலே பயம் என்று, முன்பக்கம் முழுவதும் துணி நாடா வைத்துத் தைத்தீர்களே. அந்தத் துணியை அண்ணன் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிவந்தார். உள்ளே மஞ்சள் துணியில் பை. உலகத்தில் அப்படி இன்னொன்று கிடையாது. பெட்டியின் வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன். பின்னால் நின்றவர் "என்ன, மனசு வரலையா?" என்று கிண்டலடித்தார்.

எங்கள் கடைப் பெட்டி முழுவதும் உங்கள் ஷெட்டுக்குத்தான் வரும். காகிதத்தில் பார்த்துவிட்டேன். உங்கள் மேசைக்கு வந்தால் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். வந்தால் நான் தோற்றேன். வராவிட்டால் அது மில்லுக்குப் போய்விட்டது என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவார்.

வாலு


ஜூலை 15

அன்புள்ள வாலு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நாற்பது நாளாக மெரூன் நிறத்தில் எது வந்தாலும் உள்பக்கம் புரட்டிப் பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரிகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். "உள்ள மஞ்சள் பை இருந்தா கத்தி படாம எடுத்து வைங்கடி" என்று. ஐந்தாறு மெரூன் வந்தது, உன்னுடையது வரவில்லை. உங்கள் கடை மூட்டைகள் ஜூன் கடைசியிலேயே வந்து முடிந்துவிட்டன. டேக்கில் கடை எண் பார்த்தேன்.

வாக்கு வாக்குதான். வரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். மில்லுக்கும் கொஞ்சம் போகிறதோ என்னவோ. உன்னை அதிகமாகப் பேசிவிட்டேனோ என்றும் இருக்கிறது.

உன் அண்ணனுக்கு என்ன வந்தது என்றுதான் தெரியவில்லை. மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். உன் போன் வந்தால் ஸ்பீக்கரைப் போட முந்துகிறவர், இப்போது "நீயே பேசு" என்று வாசலுக்குப் போய்விடுகிறார். இருமல் கூடியிருக்கிறது. கேட்டால் எரிந்து விழுகிறார்.

அண்ணி


ஜூலை 30

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது! பார்த்தீர்களா? என் ஜாக்கெட் இந்நேரம் யாருக்கோ புதுச் சட்டையாகியிருக்கும். எவ்வளவு பயந்துபோயிருந்தேன் தெரியுமா? நீங்கள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் நான் என்ன ஆவேன் என்று தூக்கமே இல்லை.

இப்போது சொல்வதில் வெட்கமில்லை. அந்த வாக்கியத்தை எழுதிய புண்ணியவதி நான்தான். "ஒரு துணிகூடக் குப்பைமேட்டுக்குப் போவதில்லை." எட்டு மாதிரி எழுதிக் கொடுத்தேன், எட்டாவதை எடுத்துக்கொண்டார்கள். மூன்று தடவை நீங்கள் கேட்டும் வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி ஆண்டு அறிக்கை வெளியீடு. பத்திரிகைக்காரர்கள், முதலீட்டாளர்கள் எல்லோரும் வருவார்கள். உறுதிமொழியை மேடையில் நானே படிக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். தொழிலாளி குடும்பத்துப் பெண் என்று அறிமுகப்படுத்தப் போகிறார்களாம்.

அண்ணன் ஏன் என்னிடம் பேசுவதில்லை? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 9

வாலு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் அடுப்பு வாயிலேயே உன் அண்ணன் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டார். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கெட்டுப்போன நெஞ்சு இனி பழையபடி ஆகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்று காலையில் வாய் திறந்தார்.

"வாலு அந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டா."

"எந்த ஜாக்கெட்?"

"நீ தெச்சதுதான். மெரூன்."

அடிப்பாவி, ஜிப் இல்லாத ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறாய்! ஜிப் அறுக்கிற மேசையில் நான் நாற்பது நாள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! நாடா வைத்த துணி என் மேசைக்கு எதற்கு வரும்? முதல் கடிதத்திலேயே உனக்கு எழுதினேன். எழுதின எனக்கே நினைவில்லை, தைத்த எனக்கே உறைக்கவில்லை. உன்னைச் சொல்லி என்ன பயன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை நேராக அவர் காலடிக்கே அனுப்பிவைத்திருக்கிறோம்.

ஜூன் கடைசியில் ஒரு மூட்டையைப் பிரித்தபோது மேலாகக் கிடந்ததாம். முதலில் நம்பவில்லையாம். உள்ளே மஞ்சள் பையைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். நாடா முனையில் நான் போடுகிற இரட்டை முடிச்சைப் பார்த்திருக்கிறார். எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "அவளே வேணாம்னு போட்டது. நான் எதுக்கு எடுக்கணும்?" என்றார். நாடாவைப் பிடித்து இழுத்திருக்கிறார், ஒன்று அறுந்து கையோடு வந்துவிட்டது. மீதியைக் கம்பியால் உள்ளே தள்ளிவிட்டார். தன் கையால். அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்த நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதே அடுப்பில் வேலை பார்த்திருக்கிறார். தங்கைக்கு நாகரிகம் வந்துவிட்டது, நம் வீட்டுத் துணி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நடந்ததை நான் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் ஜாக்கெட் யாருக்கோ சட்டையாகியிருக்கும் என்று எழுதியிருந்தாயே. ஆகியிருக்கிறது. உன் அண்ணன் நெஞ்சுக்குள்ளே ஆகியிருக்கிறது.

அந்த வாக்கியம் உன்னுடையது என்று எனக்கு முதல் பதிலிலேயே தெரியும். நீ சொல்வாயா என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்ல நீ ஜெயிக்க வேண்டியிருந்தது.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். நாடாவை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் அந்த வாக்கியத்தைப் படிக்க முடிந்தால் படி.

அண்ணி


செப்டம்பர் 28

அண்ணி,

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாரா? அதை முதலில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். நாடாவைக் காட்டினேன். "உணர்ச்சிவசப்படாதே, அறிக்கை வெளிவந்தப்புறம் உள்ளுக்குள்ள பேசிக்கலாம்" என்றார். அச்சுக்குப் போகும் முன் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துவிட்டுப் பழையதையே அச்சடித்தார்கள். மேலிடத்தில் மூன்று பேருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பேரும் நன்றி தெரிவித்து ஒரே மாதிரி பதில் போட்டார்கள். அப்போதுதான் எனக்கு எரிய ஆரம்பித்தது அண்ணி. என் மேலும்தான். எட்டு மாதிரி எழுதிக் கொடுத்தவள் ஒரு நாளாவது அந்த ஷெட்டை நேரில் போய்ப் பார்த்தேனா? என் அண்ணன், அண்ணி வேலை செய்கிற இடம் அது.

அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை, நான் அடங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். இருபத்தைந்தாம் தேதி மேடை ஏறினேன். தொழிலாளி குடும்பத்துப் பெண் என்று அறிமுகப்படுத்தினார்கள், கைதட்டினார்கள். நாடாவை விரலில் சுற்றியிருந்தேன். என் வாக்கியத்தை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தேன். "நீங்கள் தரும் பழைய ஆடைகளில் ஒரு துணிகூடக் குப்பைமேட்டுக்குப் போவதில்லை." மறுபடி கைதட்டினார்கள். தட்டி ஓயும்வரை காத்திருந்தேன்.

"ஏன்னா எல்லாத்தையும் எரிக்கிறோம். எரிக்கிறவர் என் அண்ணன். நான் பெட்டியில போட்ட என் ஜாக்கெட்டை அவரே அடுப்புல தள்ளியிருக்கார். மிச்சம் இதுதான்" என்று நாடாவைத் தூக்கிக் காட்டினேன்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு மைக் தேவைப்படவில்லை. சின்ன வயதில் தெருவைக் கூட்டும் தொண்டை என்று நீங்கள் திட்டுவீர்களே, அந்தத் தொண்டையில் கத்தினேன். ஷெட் இருக்கும் தெருவைச் சொன்னேன், விறகு எரித்த ஆய்வு நாளைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பத்திரிகைக்காரப் பெண் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்து இறக்கினார்கள். மேடம், "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதுவும் ஒரு நிமிஷம்தான்.

வேலை அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது: ஆழ்ந்த கவலை கொண்டுள்ளோம், விசாரிக்கிறோம், நிரூபிக்க எந்த ஆதாரமும் இல்லை என்று. அந்த மூன்றையும் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், நான் பயிற்சி கொடுத்த பெண்.

அண்ணன் என்னிடம் பேசாவிட்டால் பரவாயில்லை. நான் அதைத் தூக்கிப் போடவில்லை என்று அவருக்கு ஒரு தடவை மறுபடியும் சொல்லுங்கள்.

வாலு


அக்டோபர் 16

அன்புள்ள வாலு,

உன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பாய்லர் பக்கம் இனிப் போவதில்லை. நீ சாப்பிடுகிறாயா? வேலை போனதற்காகப் பட்டினி கிடக்காதே. கிடந்தால் பேருந்து ஏறி வந்து அடிப்பேன்.

இங்கே நடந்ததைக் கேள். நீ கத்திய மூன்றாம் நாள் பச்சை டேக் மூட்டை வருவது நின்றது. போஸ்டரைக் கிழித்தார்கள். ஷெட்டில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு நாள்தான். ஐந்தாம் நாள் அதே லாரி, அதே மூட்டை. சூப்பர்வைசர் வந்து எங்கள் மேசையில் ஒரு பெட்டி கத்தரிக்கோலை வைத்தான். "இனிமே ஜிப் அறுக்குறதுக்கு முன்னாடி டேக்கை வெட்டுங்க. வெட்டினதை அடுப்புல போட்டுடணும்." இதுதான் உன் கம்பெனியின் ஆழ்ந்த கவலை.

அன்று உன் அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல். டேக் வெட்டிய முதல் குவியலை அவர் முன்னால் கொட்டினார்கள். கம்பியைக் கீழே போட்டுவிட்டு, "இதை நான் தள்ள மாட்டேன். என் தங்கச்சி கத்தினது இதுக்காக இல்லை" என்றார். சூப்பர்வைசர் போ வெளியே என்றான். அவர் போகவில்லை. அடுப்பு வாயில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எங்கள் மேசையில் பன்னிரண்டு பேரும் பிளேடைக் கீழே வைத்தோம். மூன்று மணி நேரம் சாயப்பட்டறைக்கு ஆவி போகவில்லை. கடைசியில் விறகு லாரியை வரவழைத்தார்கள். இன்றுவரை விறகுதான். எத்தனை நாளோ தெரியாது. துணியெல்லாம் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் மலையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், பார்க்க வருகிறவர்கள் பார்க்கட்டும்.

ஆதாரம் இல்லையாமே அவர்களுக்கு? வெட்டிய டேக்கில் ஒன்றைக்கூட நாங்கள் அடுப்பில் போடவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக இடுப்பில் சொருகி வெளியே கொண்டுவந்தோம். கடை எண், தேதி, இலைப்படம் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடு.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ள உனக்கு ஒன்றும் இல்லையே என்று உன் அண்ணன் புலம்பிக்கொண்டே இருந்தார். அதே மெரூன் கிடைக்கவில்லை, நீலம்தான். உள்பையைப் பெரிதாக வைத்துத் தைத்திருக்கிறேன், டேக் அத்தனையும் அதில் இருக்கிறது. இந்தத் தடவை நாடா இல்லை. பித்தளை ஜிப். கீழிருந்து மேல்வரை, பல் பெரிதாக, கனமாக. எவன் எந்தப் பெட்டியில் தூக்கிப் போட்டாலும் முதலில் என் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும்.

உன் அண்ணன் இரண்டு வரி எழுத வேண்டுமாம். பேனாவைக் கொடுக்கிறேன்.

அண்ணி

வாலு, நீ அதை வேணாம்னு தூக்கிப் போடலைன்னு எனக்குத் தெரியும். தாடையில் குத்தாமல் இருக்க ஜிப்புக்குப் பின்னால் துணிப்பட்டை வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறாள், என் தாடையில் போட்டுப் பார்த்துவிட்டேன். பயப்படாமல் கழுத்துவரை இழுத்துப் போட்டுக்கொண்டு போ.
அண்ணன்